பதினேழாவது பெயர்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால். தேநீர்க் கோப்பையை மேசையில் வைப்பதற்கு முன்பே, திரையில் அந்த எண் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்தும் அதை உறுதி செய்யாமல் விட்டவர்களின் எண்ணிக்கை அது. வாரத்துக்கு எட்டுப் பேர் இருப்பார்கள், மிஞ்சினால் பத்து. சிலர் பயந்து பின்வாங்குவார்கள். சிலருக்குத் தொலைபேசி எண் மாறியிருக்கும். சிலர் தேதி வருவதற்குள் இறந்துபோயிருப்பார்கள். இந்த வாரம் வியாழக்கிழமை வரைக்குமே இருபத்தைந்து பேர்.

திங்கட்கிழமை மாலை இணையதளத்தின் அந்தப் பகுதியில் நான்தான் கை வைத்திருந்தேன்.

கசாக் நகரமான கரகந்தாவில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் எங்கள் அலுவலகம். பதினோரு பேர். அரசுச் சேவைகளுக்கான இணையதளத்தில் சில பக்கங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் எங்களுடையது. இருதய அறுவை சிகிச்சைக்கான வரிசை அதில் ஒன்று. ஏழெட்டு மாதம் காத்திருந்தவருக்கு ஒருநாள் குறுஞ்செய்தி வரும். இரண்டு நாளுக்குள் அவர் தளத்துக்குள் நுழைந்து "வருகிறேன்" என்ற பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தினால் பச்சை நிறத்தில் ஒரு டிக் வரும். அழுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். உறுதி செய்யாதவர்களுக்கு எதற்குச் செய்தி என்று யாரோ எப்போதோ முடிவெடுத்திருந்தார்கள். அதனால் இடம் பறிபோனவருக்கு எந்தத் தகவலும் போகாது.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஓடும் கணினி நிரலைத்தான் நான் திங்கட்கிழமை திருத்தியிருந்தேன். பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று புகார். பழைய நிரலில் யாரோ எழுதிவைத்த ஒரு வரி, ஒவ்வொரு பெயரிலும் ஒன்பது எழுத்துகளைத் தேடி மாற்றிக்கொண்டிருந்தது. எதற்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாலு வருடம். குப்பை என்று நினைத்து எடுத்துவிட்டேன். சோதித்துப் பார்த்தேன். எங்கள் சோதனைக்கான கற்பனை நோயாளியின் பெயர் இவான் இவானோவ். இவானோவ் ஒரு சிரமமும் இல்லாமல் உறுதி செய்துகொண்டார். வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த ஒன்பதும் எங்கள் எழுத்துகள். ரஷ்ய நெடுங்கணக்கில் இல்லாத, கசாக் மொழிக்கென்றே சேர்த்த ஒன்பது எழுத்துகள். அடையாள அட்டையில் பெயர் கசாக் எழுத்தில் இருக்கும். மருத்துவமனைக் குமாஸ்தா அவசரத்தில் ரஷ்ய எழுத்தில் அடித்திருப்பார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கணினிக்குப் புரியவைத்தது அந்த ஒற்றை வரி. அது போனதும் பச்சை டிக் மட்டும் வந்தது. உள்ளே எதுவும் பதியவில்லை. என் பெயர் மோல்திர். அதிலேயே அப்படி இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. பள்ளியில் ரஷ்ய ஆசிரியை என் பெயரைத் தப்பாக எழுதும்போதெல்லாம் எழுந்து நின்று திருத்தியவள் நான். நான் திருத்திய நிரலுக்கு என்னையே தெரியவில்லை.

பத்தரை மணிக்குள் வரியைத் திரும்பப் போட்டேன். பதிவேடுகளைத் தோண்டியதில் பதினேழு பேர் அகப்பட்டார்கள். பொத்தானை அழுத்தி, பச்சையைப் பார்த்து, நிம்மதியாக இருப்பவர்கள். பதினாறு பேருடைய தேதிகள் இன்னும் தொலைவில் இருந்தன. அவர்கள் இடத்தில் இன்னும் யாரையும் அமர்த்தியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். பதினேழாவது பெயர் உல்போசின் சேயித்காலி. ஐம்பத்திரண்டு வயது. பால்காஷ் ஊர். வால்வு மாற்று. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் சேரவேண்டும், திங்கட்கிழமை அறுவை. செவ்வாய் காலை பத்து நாற்பத்திரண்டுக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். நாள் நெருங்கிவிட்டதால் வியாழன் நண்பகலிலேயே அவள் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. அடுத்தவர் ராமீல் ஹசனோவ், இருபத்தொன்பது வயது, சுரங்கத் தொழிலாளி. செய்தி போன நாலே நிமிடத்தில் உறுதி செய்திருந்தான். எந்நேரமும் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தவன் போல.

உல்போசினின் பெயருக்கு எதிரே "உறுதி செய்யவில்லை" என்று இருந்தது. அப்படிக் குறிப்பு விழுந்தவர் வரிசையின் கடைசிக்குப் போவார். புதிய தேதி, செப்டம்பர் என்று காட்டியது. இது பிப்ரவரி.

மேலாளர் மார்தேனின் அறைக்குப் போய்ச் சொன்னேன். மூத்த ஆண்களை நாங்கள் அழைக்கும்விதமாக அவரையும் அகாய் என்றுதான் அழைப்பேன். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"எத்தன பேரு?"

"பதினேழு. பதினாறு பேர சரிபண்ணிட்டேன், அகாய். ஒருத்தங்களுக்கு மட்டும் இடம் போயிடுச்சு."

"அப்ப பதினாறு முடிஞ்சுது. நல்லது."

"அந்த ஒருத்தங்களுக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன்."

"இருந்துச்சு," என்றார் மார்தேன். "மோல்திர், உக்காரு. மூச்சு விடு. வரிசைன்னா அப்படித்தான். ஒருத்தர் போவாங்க, ஒருத்தர் வருவாங்க. வந்தவனும் நோயாளிதானே? அவன வெளிய தள்ளப் போறியா? மார்ச்சுல ஒப்பந்தம் புதுப்பிக்கணும். இத நீ வாயத் தொறந்து சொன்னா பதினோரு பேரும் தெருவுல நிப்போம். நீ யாருக்கும் கெட்டது நெனைக்கல. போ, வேலயப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. என் அம்மா இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்க வந்தவர். அதனாலேயே அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ள மனம் பாதி தயாராக இருந்தது. இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். மருத்துவமனைப் பட்டியலைத் திறக்கும் சாவி என்னிடம் இருந்தது. ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ராமீல் போய் உல்போசின் வந்துவிடுவாள். ஒருவருக்கும் தெரியாது. அந்த வரியை எழுதியும் விட்டேன். இயக்கும் விசைமேல் விரல் இருந்தது. நாலு நிமிடத்தில் உறுதி செய்தவன், வீட்டில் என்ன சொல்லியிருப்பான்? இந்நேரம் பையை எடுத்து வைத்திருப்பானா? நான் திங்கட்கிழமை தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்தே செய்யப்போகிறேன் என்று தோன்றியது. வரியை அழித்தேன்.

படிக்கட்டில் போய் நின்று உல்போசினின் எண்ணை அழைத்தேன். எடுத்தது அவள் கணவர் கோய்ஷிபாய். பின்னால் காற்று இரைந்தது, பாத்திரங்கள் மோதின.

"மருத்துவமனையா? வந்துக்கிட்டே இருக்கோம் மகளே, பயப்படாத!" என்று கத்தினார். "பனிப்புயல்ல ரோட்ட மூடிட்டான். பாதி வழில ஒரு சாப்பாட்டுக் கடைல கெடக்கோம். நாலு லாரிக்காரனுங்க, ஒரு கல்யாணப் பொண்ணு, நாங்க. கல்யாணப் பொண்ணு சத்தம்தான் தாங்கல. மாப்பிள்ள கரகந்தால காத்துக்கிட்டு இருக்கானாம்."

"அகாய், அம்மா எப்படி இருக்காங்க?"

"ஒதடு கொஞ்சம் நீலமா இருக்கு. ஆனா வாய் ஓயல. நாளைக்குப் பன்னெண்டுக்குள்ள வந்துடுவோம். எடம் பத்திரமா இருக்குல்ல? பச்ச வந்துச்சே. மக போட்டோ புடிச்சு வச்சிருக்கா."

இடம் போய்விட்டது என்று சொல்லியிருக்கவேண்டும். புயலில், நடுவழியில், மூச்சு வாங்கும் ஒருத்தியின் பக்கத்தில் நிற்பவரிடம் இதைச் சொல்லி என்ன செய்யச் சொல்வது? திரும்பிப் போங்கள் என்றா? "நேரா மருத்துவமனைக்கு வாங்க," என்றேன். "நானும் அங்க இருப்பேன்."

"ஐனாலாயின், நல்லா இருப்ப நீ," என்றார். குழந்தையைக் கொஞ்சும் அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒன்பதுக்கே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். கீழ்த்தளத்தில் எல்லாரும் காலணிமேல் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு சரசரவென்று நடந்தார்கள். ஒவ்வொருமுறை கதவு திறக்கும்போதும் பனிக்காற்றோடு யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். பதினொன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். கோய்ஷிபாய் குட்டையான மனிதர், நரித்தோல் தொப்பி. உல்போசின் அவரைவிட உயரம். பத்தடிக்கு ஒருமுறை நின்று, சுவரில் ஏதோ அறிவிப்பைப் படிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டாள். நான் அவர்களை எட்டுவதற்குள் அவர் பதிவு மேசைக்குப் போய் அடையாள அட்டைகளை நீட்டிவிட்டார்.

மேசைப் பெண் இரண்டு முறை தேடினாள். "உங்க பேரு இல்லீங்களே."

"இருக்கும், பாரு. திங்கக்கிழமைக்கு."

"திங்கக்கிழமைக்கு ஹசனோவ். அவரு சேர்ந்தாச்சு, அதோ உக்காந்திருக்காரு பாருங்க. நீங்க உறுதி பண்ணலன்னு போட்டிருக்கு."

கோய்ஷிபாய் தொலைபேசியை மேசையின் கண்ணாடித் தடுப்பில் ஒட்டிப் பிடித்தார். அதில் பச்சை டிக் பெரிதாகத் தெரிந்தது. "இது என்ன? இது என்னன்னு கேக்குறேன்!"

"போட்டோவுக்கெல்லாம் நான் என்ன பண்றது, பெரியவரே? கம்ப்யூட்டர்ல இல்ல."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மடியில் பையுடன் உட்கார்ந்திருந்த மெலிந்த இளைஞனும், அவன் பக்கத்திலிருந்த பெண்ணும் தங்கள் பெயரைக் கேட்டு எழுந்து வந்தார்கள். அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை.

"தப்பு என்னோடது," என்றேன். "அந்தப் பக்கத்தைத் திருத்தினது நான்தான். அவங்க உறுதி பண்ணாங்க. செவ்வாக்கிழமையே பண்ணிட்டாங்க. நான் செஞ்ச பிழையால அது பதியல."

கோய்ஷிபாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து போன்ல பேசினது நீதானே?"

"ஆமா."

"நேத்தே ஒனக்குத் தெரியும்."

"தெரியும், அகாய்."

"அப்ப அந்தப் பச்ச?"

அவர் தொலைபேசியை மெல்லச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னை மகளே என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் மரியாதையாக. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"நாங்க ஒண்ணும் திருடல," என்றாள் ராமீலின் மனைவி. பெயர் அல்ஃபியா என்று பிறகு தெரிந்தது. "எங்களுக்கு மெசேஜ் வந்துச்சு. அஞ்சு மாசமா இவரு உக்காந்துக்கிட்டேதான் தூங்குறாரு. ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"இவள யாரு திருடின்னு சொன்னா?" என்று உல்போசின் பெஞ்சில் இருந்தபடியே சொன்னாள். "ஏம்மா, உக்காரு. நீ நின்னா எனக்கு மூச்சு வாங்குது. என் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அடுத்ததாவது பையனாப் பொறக்கட்டும்னு. எங்கப்பனுக்கு நான் நாலாவது பொண்ணு. பொறந்த அன்னிக்கே தப்பான வரிசைல நின்னவ நான்." அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி நிற்க நெடுநேரம் ஆனது. ராமீல் தன் பையிலிருந்த குடுவையைத் திறந்து அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான்.

"அப்ப நான் போயிடணுமா?" என்று என்னிடம் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

துறைத் தலைவர் ரௌஷான் இறங்கி வந்தார். அறுபதை நெருங்கும் மருத்துவர். காது மேல் பேனா. எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுவிட்டு என்னை மட்டும் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

"திங்கக்கிழமை எனக்கு ஒரு ஆபரேஷன் மேசைதான். ஒரு குழுதான். ரெண்டு பேருக்குச் செய்ய முடியாது," என்றார். "வரிசைல இல்லாத ஒருத்தர நான் சேர்த்தா, ஏன் சேர்த்தன்னு என்னக் கேப்பாங்க. காகிதம் வேணும். அந்தம்மா எப்ப உறுதி பண்ணாங்க, ஏன் பதியல, யாரு காரணம். உன் கையால எழுதி, உன் அடையாள அட்டை எண் போட்டு, கையெழுத்து."

"நான் இங்க வந்தது எங்க அலுவலகத்துக்குத் தெரியாது. வெளிய சொல்ல வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"அது உன் பிரச்சின. காகிதம் இருந்தா வராந்தாவுல ஒரு கட்டில் போட முடியும். திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு மருத்துவர் குழு உக்காருவோம். யாருக்கு முதல்லன்னு இருதயத்தப் பார்த்துச் சொல்றோம். இன்னொருத்தருக்கு அடுத்த எடம் எப்பக் கிடைக்கும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

அவர் வெள்ளைத்தாளை நகர்த்தி, காதிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். கையால் ஒரு முழுப் பக்கம் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. முதல் வரியே கோணியது. செவ்வாய், பத்து நாற்பத்திரண்டு. இன்ன வரியை நீக்கினேன். யாரும் சொல்லி அல்ல, நானே. எழுதிக்கொண்டிருக்கும்போதே பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. மார்தேன். விட்டேன். மறுபடி அதிர்ந்தது. எடுத்தேன்.

"எங்க இருக்க?"

"மருத்துவமனைல."

"எழுதி ஏதும் குடுத்துட்டியா?"

"எழுதிக்கிட்டு இருக்கேன்."

"இன்னும் கையெழுத்து போடல இல்ல? மோல்திர், கேளு. நெறைய நேரம் இருக்கு. அந்தக் காகிதத்த மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு வெளிய வா. நான் கார் எடுத்துட்டு வரேன். பேசலாம். நாளைக்கு இத வச்சு உன் மேலதான் கேஸ் போடுவாங்க, என் மேல இல்ல. அதுவாவது புரியுதா?"

"புரியுது, அகாய்," என்றேன். ரௌஷான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

உல்போசினுக்கு மூன்றாவது மாடி வராந்தாவில் கட்டில் போட்டார்கள். அன்று மாலை வீட்டில் கணினியைத் திறந்தபோது என் கடவுச்சொல்லைத் தளம் ஏற்கவில்லை. மூன்று முறை அடித்துப் பார்த்தேன். தப்பாக அடிக்கவில்லை என்று தெரிந்தும் அடித்தேன். ஞாயிறு முழுக்க என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. குளிர்சாதனப்பெட்டியைச் சுத்தம் செய்தேன். பதினாறு பேரையும் சரியாகச் சேர்த்தேனா, ஒருவரை விட்டுவிட்டேனா என்று பெயர்களை விரல்விட்டு எண்ணினேன். பதினான்குக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. திரும்பப் பார்க்கவும் வழி இல்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அலுவலகத்தில் யாராவது அழைத்து ஒரு வார்த்தை திட்டினால்கூட ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் அழைக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கு மருத்துவமனைக் கீழ்த்தளத்தில் இருந்தேன். போகவேண்டிய அவசியம் இல்லை. வேறு எங்கும் இருக்க முடியவில்லை. மேல்மாடிக்கு உறவினரை விடமாட்டார்கள். கோய்ஷிபாய் ஒரு பெஞ்சில் தொப்பியை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பெஞ்சில் அல்ஃபியா. நான் கதவோரம், இருவருக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சேராமல் நின்றேன். எட்டு மணிக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரைக்கு அல்ஃபியா பையிலிருந்து ரொட்டியை எடுத்து, பிட்டு, சற்றுத் தயங்கி, எழுந்துபோய் அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். திரும்பிப் போகாமல் அதே பெஞ்சின் மறுமுனையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் சாப்பிடவில்லை; கையில் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"உங்களுக்கு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒனக்கு?"

"இல்ல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்களும் உக்காருங்க," என்றார். "நின்னு என்ன ஆகப்போகுது." நான் உட்காரவில்லை, ஆனால் கதவை விட்டு இரண்டடி உள்ளே வந்தேன்.

ஒன்பது இருபதுக்கு, கூடத்தின் கோடியில், அறுவை அரங்குக்குப் போகும் வழியில் இருந்த கண்ணாடிக் கதவுக்கு அப்பால் லிஃப்ட் திறந்தது. பச்சை உடை அணிந்த இரண்டு பேர் ஒரு தள்ளுகட்டிலை வெளியே இழுத்தார்கள். தலையில் வெள்ளைத் துணித் தொப்பி, கழுத்து வரை போர்வை. மங்கலான கண்ணாடி வழியாக முகம் தெரியவில்லை. சக்கரம் ஒன்று தரையில் இடறி, கட்டில் ஒரு கணம் நின்றது. கோய்ஷிபாய் எழுந்தார். அதே நொடியில் அல்ஃபியாவும் எழுந்தாள். எழுந்த வேகத்தில் தடுமாறி அவருடைய சட்டைக்கையைப் பிடித்தவள், பிடித்தது யாரை என்று பார்க்காமலே, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.